ஆர்ஓஐ: உயரத்தைக் குறையுங்கள், வேகம் தானாக வரும்

கன்வேயரில் ஓடும் பாட்டில்களின் மூடியையும் லேபிளையும் சரிபார்க்கும் வேலையில், பல வருடங்களாகத் தொழிற்சாலைக் கேமராக்களோடு புழங்கி வருகிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி ஆர்ஓஐதான் (ROI, படத்தில் நமக்கு வேண்டிய பகுதி). சென்சார் முழுவதையும் அனுப்பாமல், வேண்டிய செவ்வகத்தை மட்டும் கேமரா அனுப்பும். அகலம், உயரம், செவ்வகம் இடமிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்று சொல்லும் எக்ஸ் ஆஃப்செட், மேலிருந்து எவ்வளவு என்று சொல்லும் ஒய் ஆஃப்செட் என்று நான்கே எண்கள். ஜென்ஐகேம் (GenICam) என்ற பொதுத் தரத்தில் வரும் கேமராக்களில் கம்பெனி மாறினாலும் இவற்றின் பெயர் மாறாது.

1920 × 1200 பிக்சல், 8 பிட் கருப்பு வெள்ளை என்றால் ஒரு படம் சுமார் 2.3 மெகாபைட். கிகாபிட் ஈதர்நெட் கேபிளில் நொடிக்கு 115 மெகாபைட் போகிறது என்று வைத்துக்கொண்டால் 50 படம்தான் வரும். மூடி இருக்கும் பட்டையை மட்டும் எடுத்து உயரத்தை 400 ஆக்கினால், அதே கேபிளில் 150 படத்துக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குச் சென்சார் ஒளி வாங்கும் நேரம், 10 மில்லி செகண்டில் இருந்தால் 100 படத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே வெளிச்சத்தைக் கூட்டி எக்ஸ்போஷரைக் குறைப்பதுதான் வழி.

நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. சீமாஸ் (CMOS) வகைச் சென்சார்கள் பொதுவாக வரிசை வரிசையாகத்தான் படிக்கும். உயரத்தைக் குறைத்தால் படிக்க வேண்டிய வரிசைகள் குறையும், வேகம் ஏறும். அகலத்தைக் குறைத்தால் பல சென்சார்களில் ஒரு வரிசைக்கு ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும். கேபிளின் சுமை மட்டும் குறையும். யூஎஸ்பி 3 போலக் கேபிளில் ஏற்கெனவே தாராளமாக இடம் இருந்தால், அகலத்தை வெட்டி வேகத்தில் ஒரு லாபமும் இல்லை. அதனால் பார்க்க வேண்டிய பகுதி செங்குத்தாக நீண்டிருந்தால், கேமராவையே 90 டிகிரி திருப்பி மாட்டிவிடுங்கள். படம் படுத்துக்கொண்டு வரும், மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம். பிராக்கெட்டில் துளை போடும் முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

எண்களைப் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அகலம் 1920 என்று முழுதாக இருக்கும்போது எக்ஸ் ஆஃப்செட்டில் 320 கொடுத்தால் கேமரா ஏற்காது, நகர்த்த இடமே இல்லையே. முதலில் அகலத்தை 1280 ஆக்குங்கள், அப்புறம் ஆஃப்செட்டைக் கொடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பும்போது தலைகீழ்: முதலில் ஆஃப்செட்டைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அகலத்தைக் கூட்ட வேண்டும். எண்களும் 4, 8, 16 என்று மாடலுக்கேற்ற படிகளில்தான் நகரும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அகலமும் உயரமும் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் பல மாடல்களில் ஆஃப்செட்டை ஓட்டத்திலேயே மாற்றலாம். வழிகாட்டிக் கம்பி கொஞ்சம் நகர்ந்துவிட்டால், லைனை நிறுத்தாமலேயே செவ்வகத்தையும் அதற்கேற்ப நகர்த்த முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே அந்த மாடல்களைத் தேர்ந்தெடுப்பேன்.

செவ்வகத்தைப் பொருளை ஒட்டி இறுக்கமாக வைக்காதீர்கள். முதல் வாரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். போகப் போக அதிர்வில் கிளாம்ப் தளரும், துடைக்கும்போது கை பட்டு லென்ஸ் நகரும், மூடியின் விளிம்பு வெட்டுப்படத் தொடங்கும். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, அதனால் குறையும் சில படங்களைப் பொறுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆட்டோ எக்ஸ்போஷர் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: பல கேமராக்களில் அதற்கென்று தனி ஆர்ஓஐ இருக்கிறது, அதையும் சேர்த்து அமைக்க வேண்டும். பிக்சலை நிஜ அளவோடு பொருத்தும் கேலிப்ரேஷன் ஏற்கெனவே முழுப் படத்தில் செய்திருந்தால் திரும்பச் செய்யத் தேவையில்லை. அதில் கிடைத்த லென்ஸ் மையப் புள்ளியின் எக்ஸ், ஒய் மதிப்புகளிலிருந்து அந்தந்த ஆஃப்செட்டைக் கழித்தால் போதும். எல்லாம் சரியானதும் யூசர் செட்டில் (கேமராவுக்குள்ளேயே அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) சேமித்து, மின்சாரம் வந்ததும் அதுவே ஏறும்படி வையுங்கள். ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, நான்கு எண்களும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே லைனைக் கையில் கொடுப்பது என் வழக்கம்.