மருதானைப் பழைய புத்தகக் கடையும் 16 பக்கம் குறைந்த சிமா குவாங்கும்

வெள்ளவத்தையில் ரயில் ஏறி மருதானையில் இறங்கினால், டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளுக்கு நடந்தே போகலாம். அதில் ஒரு கடையில் சீன வரலாற்றாசிரியர் சிமா குவாங்கைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கடைக்கார நானா 1,200 ரூபாய் சொன்னார். கிழிந்த அட்டையைக் காட்டினேன், 900க்கு இறங்கினார்.

ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியென் வேறு ஆள். இவர் 1019இல் பிறந்த சோங் காலத்து ஆள். தண்ணீர்ச் சாடிக்குள் விழுந்த பிள்ளையை, கல்லால் சாடியை உடைத்துக் காப்பாற்றிய சிறுவன் என்று சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியும்.

என்னைப் பிடித்து இழுத்தது வேறு. 30 வருடம் பத்திரிகையில் பிரதி திருத்தியவன் நான். கி.மு. 403 முதல் கி.பி. 959 வரையான சரித்திரத்தை 19 வருடம் உழைத்து, 294 சுருள்களில் 1084இல் முடித்திருக்கிறார் மனுஷன். தாங் வம்சத்துக்கு மட்டும் உதவியாளர் ஃபான் சூயூவின் வரைவு 600 சுருளைத் தாண்டியதாம். இவர் அதை வெட்டி வெட்டி 81 ஆக்கினார்! அதோடு விடவில்லை. ஒரே சம்பவத்தைப் பழைய நூல்கள் வெவ்வேறு மாதிரிச் சொன்னால், எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று தனியாக 30 சுருள் எழுதி வைத்தார். எங்கள் செய்தி அறையில் அப்படி ஒரு தாள்கூட யாரும் எழுதி நான் கண்டதில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். 144ஆம் பக்கத்துக்குப் பிறகு 161. அமைச்சர் வாங் அன்ஷி கொண்டுவந்த சட்டங்களைக் கிழவர் சிமா குவாங் கடைசிக் காலத்தில் பதவிக்கு வந்து ரத்துச் செய்த கதை அந்த இடைவெளியில் போய்விட்டது. கட்டாய ஊழியத்துக்குப் பதில் காசு கட்டலாம் என்ற சட்டத்தையும் அவர் எடுத்தபோது, அவர் பக்கத்து ஆளான கவிஞர் சு ஷியே எதிர்த்தார். எழுத்தில் அவ்வளவு நிதானம், ஆட்சியில் ஏன் இந்த அவசரம்? அதைத்தான் வாசிக்க நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை திரும்பிப் போனேன். "சேர், பழைய புத்தகம்தானே, காசு திருப்ப ஏலாது, வேற ஒண்டு எடுங்க" என்றார். புத்தகத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் கதைத்த பிறகு 200 ரூபாய் தந்தார், பிளேன்டீயும் வந்தது.

போகிறவர்கள் கடை வாசலிலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள். மழை நாளில் போகாதீர்கள், எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடிவிடுவார்.