‘மொட்டையடித்தால் நன்றாகத் தழையும்’ என்று சொல்லி மரம் வெட்ட வருபவர்களிடம் உஷார்

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த மறுநாள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு சின்ன லாரி, ஏணி, மெஷின் ரம்பம், முதுகில் ‘மரப் பராமரிப்பு’ என்று அச்சடித்த சட்டை. மரத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சார், இது அடுத்த காத்துக்கு நிக்காது, நேரா உங்க கூரை மேலதான்” என்பார்கள். எங்கள் வீட்டு மாமரத்துக்கு நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ஆட்கள் எங்கேயும் இருக்கிறார்கள், பேசுகிற பேச்சுகூட ஒன்றுதான்.

பேசி முடித்தது இவ்வளவுதான்: கூரையை உரசிக்கொண்டிருந்த இரண்டு கிளைகளை எடுப்பது, பட்டுப்போன கிளைகளைக் கழிப்பது, வெட்டியதை அள்ளிக்கொண்டு போவது. வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன், “ஓகே சார்” என்று பதிலும் வந்தது. பாதிப் பணம் அட்வான்ஸ். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே எங்கள் வீட்டு மொட்டை மாடி முழுசாகத் தெரிந்தது, அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. கிட்டே போனால் ஒரு நடுமரம், அதிலிருந்து முழங்கையோடு வெட்டிய கைகள் போல நாலைந்து கட்டைகள். ஓர் இலை மிச்சமில்லை.

“ஏம்ப்பா, ரெண்டு கிளைதானே சொன்னேன்?” என்றால், “அதெல்லாம் வேலைக்காகாது சார். மொட்டையடிச்சாத்தான் நல்லாத் தழையும், பாருங்க, முன்னைவிட அடர்த்தியா வந்துரும்” என்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அதோடு நிற்கவில்லை. வெட்டுவாய்களில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தார்கள், அது ‘மருந்தாம்’, அதற்குத் தனிக் காசு. குப்பை அள்ள வண்டி வாடகை தனியாம். சரி, குப்பையையாவது அள்ளினார்களா? தடித்த கட்டைகளை எல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது, அவை விலைபோகும். இலையும் சுள்ளியும் மட்டும் வாசலை அடைத்துக் கிடந்தன. பேசிய தொகையில் மீதியைக் கொடுத்தால்தான் கிளம்புவோம் என்று நாலு பேர் நின்றார்கள், கொடுத்தேன். தனிக் காசு எதுவும் தர முடியாது என்று மறுத்ததற்கு முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

தழையும் என்று சொன்னது பொய்யில்லை. இந்த ஏமாற்றின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. மரத்துக்குச் சோறாக்குவது இலை. மொத்த இலையையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் அது வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் காலி செய்து, பட்டைக்கடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை அவசர அவசரமாகத் தள்ளுகிறது. வெட்டிய கட்டையின் விளிம்பைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் போத்துகள், அதாவது புதுக் கிளைகள், கிளம்பும். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும், “அட, நல்லாத்தானே வெட்டியிருக்காங்க” என்று போகிறவர் வருகிறவர் சொல்வார்கள். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளை ஆண்டாண்டாகத் தாய்மரத்தோடு சேர்ந்தே பருத்து ஆழமாகப் பிணைந்திருக்கும். இந்தப் போத்து மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. அது கிடுகிடுவென்று நீண்டு கனம் ஏறுகிற அதே நேரத்தில் அடியிலுள்ள கட்டை உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். அடுத்தடுத்த வருடங்களில் காற்றுக்கு முறிந்து விழுவது இதுதான். கூரை மேல் விழுந்துவிடும் என்று பயம்காட்டி வெட்டியவர்கள், உண்மையிலேயே விழக்கூடிய ஒன்றை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து அதே ஆளிடமிருந்து போன். “சார், இந்நேரம் போத்து நிறைய வந்திருக்குமே, வந்து கழிச்சு விடட்டுமா?” கோபத்தைவிட எனக்கு அந்த ஆளின் தொழில் புத்தியைப் பார்த்து வியப்புதான் வந்தது. ஒழுங்காகக் கவாத்து செய்த மரத்துக்குப் பல வருடம் ஆள் தேவைப்படாது. மொட்டையடித்த மரமோ வருடா வருடம் கூப்பிடும்.

அப்புறம் படித்த ஒருவரை, முறையாகச் சான்றிதழ் வாங்கிய ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்), கூட்டிவந்து காட்டினேன். அவர் முதலில் பார்த்தது மேலே இல்லை, நடுமரத்தை. தரையிலிருந்து மேல்வரை இரண்டு பக்கமும் வரிசையாகக் குழிகள், விரல்நுனி போகிற அளவுக்கு, சிலவற்றில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. ஏறுவதற்குக் காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு குத்திக் குத்தி ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு குத்தும் பட்டையைத் தாண்டி உயிருள்ள திசுவைக் கிழிக்கும். அடியோடு வெட்டப் போகிற மரத்தில் முள் கட்டி ஏறலாம், வாழவேண்டிய மரத்தில் ஏறக் கூடாது, கயிற்றிலோ ஏணியிலோதான் ஏறவேண்டும் என்றார்.

அடுத்து, பெரிய கிளை ஒன்று இருந்த இடத்தில் பட்டை முழ நீளத்துக்கு உரிந்து தொங்கியது. மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தால் பாதியிலேயே கிளையின் கனம் அதைச் சாய்த்து, பட்டையோடு பிய்த்துக்கொண்டு போகும். முறையான வேலை மூன்று அறுப்பு: முதலில் நடுமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கிளை சுத்தமாக விழும், கடைசியில் மிச்சக் கட்டையை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் புடைப்பாக இருக்கும் வளையத்தைத் தொடாமல் அதற்கு வெளிப்பக்கமாக. அந்த வளையம்தான் காயத்தை மூடும் இடம். அதை மழித்து நடுமரத்தோடு சமமாக அறுத்தாலும் கேடு, முழம் நீளத்துக்குக் கட்டை விட்டாலும் கேடு. எங்கள் மரத்தில் இரண்டுமே இருந்தன, ஒரு குறையும் வைக்கவில்லை!

கறுப்பு ‘மருந்து’ பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் நம் தோல் மாதிரிக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகல் பரவாமல் உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மேலே வளர்கிறது என்று காட்டினார். அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1977இல் இதை விளக்கி எழுதியாயிற்று. பூச்சு அந்த வேலைக்கு உதவாது, சில சமயம் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துக் காரியத்தைக் கெடுக்கும். ஓக் மரங்களுக்கு வரும் ஒரு வாடல் நோய் மாதிரி, பூச்சி தொற்றைக் கொண்டுவரும் இடங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டாம். மாமரத்துக்குத் தார் பூசிக் காசு கேட்பது சுத்த அயோக்கியத்தனம் என்பது என் சேர்க்கை.

மா நுனிக் கிளையில்தான் பூக்கும், அதனால் காய்ப்பும் போச்சு, அது தனி வயிற்றெரிச்சல்.

யாராவது வாசலில் வந்து நின்றால் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிளை, எங்கே வெட்டு, ஏன் என்று எழுதித் தருவார்களா? முறை தெரிந்தவர்கள் வழக்கமாக ஒரு பருவத்தில் உயிருள்ள இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் எடுக்க மாட்டார்கள். வயதான, நோஞ்சான் மரமென்றால் அதிலும் குறைவு. எப்படி ஏறுவார்கள்? மேலிருந்து ஆள் விழுந்தாலோ, கிளை பக்கத்து வீட்டு மேல் விழுந்தாலோ யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் இருக்கிறதா? வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்றால் எண்ணைக் கேளுங்கள். 1924 முதல் இருக்கும் ஐஎஸ்ஏ என்ற, மரப் பராமரிப்பாளர்களுக்கான சர்வதேச அமைப்பு கொடுக்கும் சான்றிதழை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வெட்டிய கட்டை யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள், சிலர் வருவதே அதற்காகத்தான். “இன்னிக்கே முடிச்சா இந்த ரேட்டு” என்று அவசரப்படுத்தினால் கதவைச் சாத்திவிடலாம், மரம் எங்கேயும் ஓடிவிடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த வாட்ஸ்அப் செய்தியையும் போட்டோக்களையும் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆர்பரிஸ்ட் எழுதித் தந்த திட்டத்தில் முதல் வரியே ‘இந்த வருடம் போத்து எதையும் கழிக்கக் கூடாது’ என்பது, ஏனென்றால் இப்போது மரத்துக்குச் சோறு போடுவதே அந்தப் போத்துகள்தான். வெயில் நேரே படுகிற பட்டை வெடிக்காமலிருக்கத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று, நடுமரத்தைத் தொடாமல் சுற்றிலும் சருகு பரப்பியாயிற்று. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கட்டையிலும் உறுதியான ஒன்றிரண்டு போத்துகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம், பல வருட வேலை. அதற்கு ஆகும் செலவு, அந்த இரண்டு கிளைகளை ஒழுங்காக எடுப்பதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவைப் போலப் பல மடங்கு.