பாதை மாற நினைக்கும் மாணவருக்கு என்பிடெல்: ஆயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது

ஐஐடிகள் முதலான கல்வி நிறுவனங்கள் இணையவழியில் பாடம் நடத்தும் திட்டம் என்பிடெல். கல்லூரியில் அதன் பெயரை எடுத்தாலே பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட், சான்றிதழ், துறைத் தலைவர் போடச் சொன்னார் என்றுதான் பேச்சு போகும். அது பெரிதாகப் பயன்படும் வேறொரு இடம் உண்டு. ஜனவரியில் 'இந்த வருஷம் கேட், கோர் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்' (பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வும், தன் துறை நிறுவனத்தில் பயிற்சியும்) என்று எழுதி வைத்த மெக்கானிக்கல் மாணவர், ஜூலையில் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போது 'டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாமா' என்று குழம்புகிறார். அந்தக் குழப்பத்தை ஊகத்தால் தீர்க்காமல், அந்தத் துறையின் பாடத்தையே சில வாரம் படித்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். இந்த மதிப்பீடு அந்த ஒரு பயனை மனதில் வைத்து எழுதப்பட்டது.

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. தேர்வும் சான்றிதழும் 2014இல் வந்தன. இப்போது மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஆண்டுக்கு இரண்டு சுற்று நடக்கிறது: ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று, ஜூலை முதல் அக்டோபர் வரை ஒன்று. பாடங்கள் 4, 8, 12 வார அளவில் இருக்கும். சேர்வது, காணொளி பார்ப்பது, அசைன்மென்ட் போடுவது, கேள்வி கேட்பது எல்லாம் இலவசம். நேரில் போய் எழுதும் இறுதித் தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றைப் பதிவின்போதே ஏற்ற வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராது.

பாதை மாற நினைப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பாடம் தொடங்கிய அன்றே தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தேர்வுப் பதிவு பெரும்பாலும் பாடம் தொடங்கி மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் முடியும். 12 வாரப் பாடம் என்றால் அதற்குள் கால் பங்கு கையில் வந்திருக்கும். 4 வாரப் பாடம் என்றால் கிட்டத்தட்ட முழுவதும். ஆக அந்த மூன்று வாரமும் செலவில்லாத வெள்ளோட்டம். பதிவு முடியும் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு, புதிய திசையில் தொடர்வதா நிற்பதா என்பதை அன்று முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டால், 'யோசிக்கிறேன், யோசிக்கிறேன்' என்று ஆறு மாதம் இழுக்காது.

எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். பாடத்தின் பக்கத்தில் வாரவாரியாக என்ன வரும் என்ற பட்டியலும், முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அந்த இரண்டையும் படியுங்கள். சென்னை ஐஐடியின் 'டேட்டா சயின்ஸ் ஃபார் இன்ஜினியர்ஸ்' என்ற 8 வாரப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். செயற்கை நுண்ணறிவைப் பார்க்கலாம் என்று உள்ளே வருபவருக்கு முதலில் 'ஆர்' (R) என்ற நிரல்மொழி அறிமுகம், அடுத்து நேரியல் இயற்கணிதம், பிறகு புள்ளியியல், அப்புறம் உகப்பாக்கம். தரவை வைத்துக் கணிக்கும் முறையான ரிக்ரெஷன் வருவதற்குள் பாதிப் பாடம் போயிருக்கும். இரண்டாம் வாரத்திலேயே ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர் வந்து நிற்கும். முதல் செமஸ்டர் கணக்கில் கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் விட்டுவிட்ட அதே பகுதிதான். இங்கே அது எதற்கு என்று கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி பிடித்துப்போய் பழைய நோட்டைத் தேடி எடுக்கிறீர்களா, இல்லை வீடியோவை 2 மடங்கு வேகத்தில் ஓட்டுகிறீர்களா? துறை மாறலாமா என்று நண்பர்களோடு ஒரு மாதம் விவாதித்தாலும் கிடைக்காத பதில் இதில் கிடைத்துவிடும்.

நிரல் எழுதுவது கைக்கு வருமா என்பதே சந்தேகம் என்றால், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைதான் நிரல்மொழி வழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்) பாடம் நல்ல உரைகல். 8 வாரம். எழுதி அனுப்பும் நிரலைத் தளமே சோதனை உள்ளீடுகள் கொடுத்துத் திருத்தும். பாதி சரி என்றெல்லாம் சமாதானம் சொல்லாது. ஆனால் அடிப்படையே தெரியாதவர் நேரே இதில் குதித்தால் மூச்சு முட்டும். அவர்கள் ரோபர் ஐஐடியின் 12 வார 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' பாடத்திலிருந்து தொடங்கலாம். அது நிதானமாகப் போகும். பொறியியலிலிருந்து பொருளாதாரம், மேலாண்மை, மொழியியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் பாடங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக் கல்லூரிகளில் யாரும் பேசுவதில்லை என்பது வருத்தம்.

நேரக் கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரக் காணொளி என்று சொன்னாலும், நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துப் பார்த்தால் நான்கு மணி நேரம் ஆகும். அசைன்மென்ட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆக ஒரு பாடத்துக்கு வாரம் ஆறு மணி நேரம். கல்லூரி வகுப்பு, லேப் ரெக்கார்டு, இன்டர்னல் எல்லாவற்றுக்கும் மேல் இது. அதனால் பாதையைச் சோதிக்கும் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம்தான். மூன்று பாடத்தில் சேர்ந்து மூன்றையும் நான்காம் வாரத்தில் விட்டால், 'எனக்கு இது வராது' என்ற தப்பான முடிவுதான் மிஞ்சும். வராமல் போனது பாடமல்ல, நேரம்.

வெள்ளோட்ட வாரங்களில் ஒரு தாளில் இவற்றைக் குறித்து வையுங்கள்: எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், அசைன்மென்ட்டின் 10 கேள்வியில் எத்தனையை யாரையும் கேட்காமல் போட்டீர்கள், பாடத்தில் கேட்காத எதையாவது நீங்களாகச் செய்து பார்த்தீர்களா. மூன்றாவதுதான் முக்கியம். மதிப்பெண் குறைவாக இருந்தாலும், மைதானத்து கிரிக்கெட் ஸ்கோரை எக்செலில் ஏற்றிச் சராசரி போட்டுப் பார்த்த மாணவருக்கு அந்தத் துறையில் நிற்கும் பிடிப்பு இருக்கிறது. முழு மதிப்பெண் வாங்கியும் அடுத்த வார வீடியோவைத் திறக்க மனம் வராதவர், ஜனவரியில் எழுதிய குறிக்கோளை அவசரப்பட்டு அடிக்க வேண்டாம். ஜனவரிக் குறிக்கோளைத் திருத்தும்போதும் 'டேட்டா சயின்டிஸ்ட் ஆகணும்' என்று எழுதாமல், 'அக்டோபருக்குள் இந்த 12 வாரப் பாடம், 8 அசைன்மென்ட், ஒரு தேர்வு' என்று எழுதினால் டிசம்பரில் அது நடந்ததா இல்லையா என்று சொல்லிவிட முடியும். கேட் கனவையும் அதற்காக விட வேண்டியதில்லை. 2024 முதல் கேட் தேர்விலேயே தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித்தாள் இருக்கிறது.

மதிப்பெண் முறையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் நிறைய. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட், 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3 மட்டும் கணக்கில் வரும். சான்றிதழ் கிடைக்க அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். 12 வாரப் பாடத்தில் நான்கே அசைன்மென்ட் போட்டு ஒவ்வொன்றிலும் 80 வாங்கினால், 320ஐ எட்டால் வகுத்து 40; அதில் கால் பங்கு 10. மயிரிழையில் தேறுவார். மாறாக, அசைன்மென்ட் எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கியவர் தேர்வில் 39 சதவீதம் எடுத்தால், 75க்கு 29.25. மொத்தம் 54.25 வந்தும் சான்றிதழ் இல்லை.

இந்த இரண்டாவது நிலைமை எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றன. அதைப் பார்த்து டிக் அடிப்பவருக்கு 25க்கு 25 வந்துவிடும். தேர்வறையில் கை ஓடாது. கிரெடிட்டுக்காக மட்டும் போடுபவர் என்ன செய்கிறார் என்பது வேறு விஷயம். பாதையைச் சோதிக்க வந்தவர் இதைச் செய்தால் சோதனையே பொய்யாகிவிடும். கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் சனிக்கிழமை ஒரு முறை சொந்தமாகப் போட்டு அனுப்பிவிட்டு, சந்தேகமானதை மட்டும் கெடுவுக்கு முன் திருத்துங்கள். கெடு வழக்கமாகப் புதன்கிழமை இரவு 11.59. அன்று இரவு 11.45க்கு ஹாஸ்டல் வைஃபையை நம்பக் கூடாது. முதல் இரண்டு அசைன்மென்ட்டுக்கும் பெரும்பாலும் ஒரே கெடு என்பதால், தாமதமாகச் சேர்ந்தவரும் தப்பிக்கலாம்.

சான்றிதழில் தரமும் உண்டு: மொத்த மதிப்பெண் 60 முதல் எலைட், 75 முதல் அதோடு சில்வர், 90 முதல் கோல்ட். அசைன்மென்ட்டில் 22.5 வைத்திருப்பவருக்கு சில்வர் வேண்டுமென்றால் தேர்வில் 70 சதவீதம் போதும். கோல்டுக்கு 90 சதவீதம் வேண்டும். புதிய துறையில் முதல் பாடம் என்றால் சில்வரே நல்ல அறிகுறி. நிரலாக்கத் தேர்வு இருக்கும் பாடங்களில் கணக்கீடு மாறும், அந்தப் பாடத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் திருத்துவது பெரும்பாடு. சேர்ந்த மின்னஞ்சல் முகவரியிலேயே தேர்வுக்கும் பதிய வேண்டும். கல்லூரி முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம், சொந்த முகவரியே நல்லது. பெயர் விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் தனிச் சிக்கல்: ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். அடையாள அட்டையில் எப்படியோ அப்படியே இங்கும் கொடுங்கள். சான்றிதழில் அச்சாகும் பெயர் அதுதான். இரண்டு பாடம் எடுப்பவர்கள் தேர்வுத் தேதியை முதலிலேயே ஒப்பிட வேண்டும். தேர்வு காலை 9 முதல் 12, மதியம் 2 முதல் 5 என்று நடக்கும். ஒரே நேரத்தில் இரண்டை எழுத முடியாது. ஜனவரிச் சுற்றின் 12 வாரத் தேர்வு ஏப்ரலில், செமஸ்டர் ப்ராக்டிகல் நேரத்தில் வந்து உட்காரும். 8 வாரப் பாடங்களில் ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் தேர்வு வருவதை எடுத்தால் இந்த நெருக்கடி இல்லை.

கிரெடிட்டும் வேண்டுமென்றால் வழக்கமாக 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதி ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாக அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்துக்கு ஈடாக எதை ஏற்பது என்பது உங்கள் பல்கலைக்கழகமும் துறையும் எடுக்கும் முடிவு. சேர்வதற்கு முன்பே துறையில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். தேர்வு முடிந்தபின் சான்றிதழோடு போய் நின்றால், 'பட்டியலில் இல்லையே' என்று சொல்லிவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாடங்களின் தரம் ஒரே சீராக இல்லை. சில பாடங்கள் வகுப்பறையில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சிலவற்றில் ஸ்லைடை வரிக்கு வரி வாசிப்பார்கள். ஒலி சரியில்லாத பழைய பதிவுகளும் அப்படியே திரும்ப ஓடுகின்றன. துணை ஆசிரியர்கள் பதில் சொல்லும் வேகமும் பாடத்துக்குப் பாடம் மாறும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் ஆங்கிலமே பாதிச் சுமை. தேர்ந்தெடுத்த பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உரை இருக்கிறது. அதைத் தேடி இறக்கி, காணொளியோடு வைத்துப் படித்தால் சுமை குறையும். அசைன்மென்ட்டும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழக வேண்டும்.

ப்ராஜெக்ட் இதில் கிடைக்காது, பிளேஸ்மென்ட்டும் கிடைக்காது. சான்றிதழைக் காட்டியதும் வேலை தருவார்கள் என்று எண்ணிப் பணம் கட்டுவது சரியல்ல. நேர்காணலில் கேட்பது நீங்கள் செய்ததைத்தான். அதை இந்தப் பாடத்துக்கு வெளியே நீங்களே செய்ய வேண்டும். ஏழாம் செமஸ்டரில் பிளேஸ்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதையைச் சோதிக்க 12 வாரப் பாடம் எடுப்பதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதற்குரிய காலம் மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஐந்தாம் செமஸ்டர் வரை. முதலாண்டு மாணவர் கோடை விடுமுறையில் தளத்தின் பழைய காணொளிகளை எந்தப் பதிவும் கட்டணமும் இல்லாமல் பார்த்துவிட்டு ஜூலையில் முறையாகச் சேர்வது இன்னும் நல்லது.

பதிவு முடியும் நாள் வந்து, தாளைப் பார்த்து, இது நமக்கானதல்ல என்று தெரிந்தால் பணம் கட்டாதீர்கள். மீதி வாரங்களின் காணொளிகள் அப்போதும் திறந்தே இருக்கும், கேள்வி கேட்கவும் யாரும் தடுக்கப் போவதில்லை. வட்டம் போட்ட தேதிக்குப் பக்கத்தில் 'பார்த்தாயிற்று, வேண்டாம்' என்று எழுதி, பழைய குறிக்கோளின் அடுத்த வேலையைக் கீழே எழுதுங்கள். தொடர்வது என்று முடிவானால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் அன்றே கட்டிவிட்டு, தேர்வு நகரமாக ஊரிலிருந்து காலை 9 மணிக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.