ட்ரேஸ்டுகெதர் கருவி: ஐந்துக்கு மூன்றரை

இழுப்பறையை ஒழித்தபோது அம்மாவின் ட்ரேஸ்டுகெதர் கருவி அகப்பட்டது. கொரோனா காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தோம் என்று பதிந்துவைத்த தடமறியும் கருவி அது. 2023 பிப்ரவரியில் சமூக மன்றத்தில் திருப்பித் தரலாம் என்றார்கள். நான் கொடுத்துவிட்டேன். அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறார்! சரி, சிங்கப்பூரில் இத்தனை நாள் கழுத்தில் தொங்கிய சாமானைப் பற்றி நாலு வரி எழுதிவிடலாம்.

கைக்குள் அடங்கும் வெள்ளை வில்லை. இணையமும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, புளூடூத் மட்டும்தான். பச்சை விளக்கு அவ்வப்போது மினுக்கும். அப்போதெல்லாம் தேக்கா சந்தை வாசலில் பெட்டியருகே நீட்டினால் ஒரு 'பீப்', உள்ளே போகலாம். ஸ்மார்ட்போனே இல்லாத அம்மாவுக்கு இதைவிட எளிதான ஒன்று இருக்க முடியாது. இதற்கே இரண்டு நட்சத்திரம்.

இதே பெயரில் கைப்பேசிச் செயலி 2020 மார்ச் 20-இல் வந்தபோது எங்கள் புளோக்கில் பாதிப் பேர் கண்டுகொள்ளவில்லை. '70 விழுக்காட்டினர் சேர்ந்தால்தான் மூன்றாம் கட்டத் தளர்வு' என்றதும் மன்றத்தில் வரிசை நீண்டது. எட்டுப் பேராகச் சேர்ந்து சாப்பிட வேண்டுமே! 2021 ஜனவரிக்குள் சுமார் 78 விழுக்காடு.

அந்த மாதமே சறுக்கல். தொற்றுத் தடமறியத்தான் என்று சொல்லி வாங்கிய தரவைக் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. காப்பிக் கடையில் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வெளியே கிளம்பும்போது கருவியை மாட்டிக்கொண்டுதான் போனார்கள். நானும்தான். ஒன்றரை நட்சத்திரம் இங்கே போச்சு.

மதுரையில் இருக்கும் தம்பியின் ஆரோக்கிய சேது, அதாவது இந்தியாவின் தடமறியும் செயலி, வேறு கதை. அதற்கு ஜிபிஎஸ்ஸும் வேண்டியிருந்தது. "வாசல்ல பச்சையக் காட்டினா விட்டுருவாங்கண்ணே. உள்ள போனதும் புளூடூத்த அணைச்சிருவேன், சார்ஜ் தாங்காது" என்றான். அவனுக்கு அது ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். மாவட்டம் தாண்ட இ-பாஸ் தனி. மாநிலத்துக்குள் அது 2020 செப்டம்பர் 1-இல்தான் ஒழிந்தது.

ஜப்பான் நேரெதிர். 2020 ஏப்ரல் அவசரநிலையில் வெளியே வந்தவர்களுக்கு அபராதமே கிடையாது, வேண்டுகோள் மட்டுமே. ஆனாலும் முகக்கவசம் போட யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய கோகோவா செயலியோ, ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் தொற்று எச்சரிக்கையே அனுப்பவில்லை. 2021 பிப்ரவரியில்தான் அது வெளியே தெரிந்தது. அந்த வகையில் எங்கள் வில்லை தேவலை.

அம்மாவிடம் ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டேன். "மறுபடி வந்தா வரிசைல யாருடா நிக்கிறது?"

பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை.