ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரில் ப்ளூஸ் டோன்: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடங்களாக என்னிடம் இருக்கும் ஒரே ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்தான். 15 வாட், பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வுகள் (கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்), முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். கிட்டார் ஸ்ட்ராடோகாஸ்டர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பழைய சிகாகோ ப்ளூஸ் டோனை (ஒலித்தன்மையை)ப் பிடிக்கவே முதல் ஒன்றரை வருடம் போய்விட்டது. ஏனென்றால் கெயினிலேயே, அதாவது ஒலியைக் கரகரப்பாக உடைய வைக்கும் பெருக்கத்திலேயே, தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆம்பில் 'வால்யூம்' என்று எழுதியிருப்பது முன்பகுதியின் கெயின். சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது 'மாஸ்டர்'. ரெக்கார்டுகளில் கேட்ட கரகரப்பு வேண்டும் என்று வால்யூமைப் பத்துக்கு மேல் ஏற்றி, மாஸ்டரை ஒன்றரையில் வைத்து வாசித்தேன். கரகரப்பு வந்தது. ஆனால் தந்தியை வருடினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். பாடுகிறவர் மூச்சை அடக்கி, பிறகு உடைத்துவிடுகிற மாதிரியான ஏற்ற இறக்கம் ப்ளூஸுக்கு உயிர். அது முழுக்கக் காணாமல் போயிருந்தது.

இப்போது செய்வது இதுதான். கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருக்கும் ஒலிவாங்கியில்) வைத்துக்கொண்டு, ஆம்பின் வால்யூமை மெல்ல ஏற்றுவேன். மெதுவாக வாசித்தால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் மட்டும் ஒலி உடையவும் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். என் கிட்டாருக்கு அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் (குமிழில் 12 வரை எண் இருக்கிறது). ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால் இன்னும் முன்னாலேயே உடையும். அப்புறம் அந்தக் குமிழைத் தொடுவதே இல்லை. ரிதமுக்குக் கிட்டார் வால்யூம் ஆறு, சோலோவுக்குப் பத்து. கிட்டாரில் குறைக்கும்போது ட்ரெபிளும் (உயர் ஒலிப்பகுதி) கொஞ்சம் மங்கும். அதனால் ஆம்பின் ட்ரெபிளைக் கிட்டார் ஆறில் இருக்கும்போதே சரிசெய்வேன். முழுதாகத் திறக்கும்போது கூர்மை அதிகமானால் டோன் குமிழில் அடக்கிக்கொள்வேன். இந்த ஒரு பழக்கம் எனக்குக் கொடுத்ததை எந்தப் பெடலும் கொடுக்கவில்லை.

அடுத்தது மிட், அதாவது ஒலியின் நடுப்பகுதி. தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து பேஸையும் ட்ரெபிளையும் தூக்கினால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த முதல் நாளே என் சோலோ மொத்தமும் அவற்றுக்குள் மூழ்கிவிட்டது. கீழ்ப்பகுதி பேஸ் கிட்டாருக்கு, மேல்பகுதி சிம்பலுக்கு. கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. இந்த வகைச் சுற்றில் டோன் குமிழ்கள் எதையும் கூட்டித் தருவதில்லை, எவ்வளவு வெட்டுவது என்பதைத்தான் மாற்றுகின்றன. மிட் இயல்பிலேயே பள்ளமாக இருப்பதால் எட்டு, ஒன்பது வரை வைக்கத் தயங்க வேண்டியதில்லை. என்னுடையது எட்டு, பேஸ் நான்கு, ட்ரெபிள் ஆறு, ரிவெர்ப் (எதிரொலி) மூன்று. 'ஃபேட்' சுவிட்ச் மிட்டோடு கெயினையும் ஏற்றுவதால் சோலோவுக்கு மட்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைவாகவே கேட்கும். வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த டோன் மேடையில் குமுறுவது அதனால்தான். மேடையின் சத்தத்தில் மறுபடி கேட்டுப் பார்த்து, முதலில் பேஸைக் குறையுங்கள். ஸ்பீக்கரின் கூர்மை நேர்கோட்டில்தான் பாயும். ஆம்ப் தரையில் முழங்கால் உயரத்தில் இருக்க, நாம் நின்றுகொண்டு ட்ரெபிளைக் கூட்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் காது வலிக்கும். ஆம்பைப் பின்னால் சாய்த்து, முகத்தைப் பார்க்க வைத்துவிட்டு அமைப்பது நல்லது.

ஒலியை உடைக்கும் ஓவர்டிரைவ் பெடல் தேவைப்பட்டால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை போதும். டிரைவ் கிட்டத்தட்டப் பூஜ்யம், லெவல் அதிகம். உடையும் விளிம்பில் இருக்கும் ஆம்பை அது முன்னால் தள்ளிவிடும். அதோடு நடுப்பகுதியையும் தூக்கிக் கொடுக்கும்.

வால்வு இல்லாவிட்டால் ப்ளூஸ் டோன் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி.கிங் நீண்ட காலம் வாசித்த லேப் சீரிஸ் எல்5 வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப். பெண்ட் (தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது) போய்ச் சேரும் சுதியும், அந்த வைப்ரேட்டோவும் (சுர நடுக்கமும்) அவர் விரலிலிருந்து வந்தவை. நானும் 9 அளவுத் தந்தியிலிருந்து, அதைவிடத் தடித்த 10க்கு மாறினேன். பெண்ட் கொஞ்சம் கடினமாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சுரமும் தடிமனாக நிற்கிறது.

பவர் வால்வுகளை ஒருமுறை ஜோடியாக மாற்றியிருக்கிறேன். பேஸ் தளர்ந்து, அடி மந்தமானதும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்தது. மாற்றிய அன்று வால்யூம் ஐந்தரை, மாஸ்டர் நான்கு, கிட்டார் ஆறு. ஏ சுருதியில் மெதுவாக ஒரு ஷஃபிள் (ப்ளூஸின் துள்ளல் தாளம்) தொடங்கினேன், விரல் வலிக்கும்வரை நிறுத்தவில்லை.