டச் ரிமோட் லேஅவுட்டுக்கு 28,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

ஹோம் தியேட்டருக்கு ஒரு டச் ஸ்கிரீன் ரிமோட், அதில் உங்கள் வீட்டுக்கென்றே தனி லேஅவுட் (திரையில் எந்த பட்டன் எங்கே என்கிற அமைப்பு), ஒரே பட்டனில் எல்லாம் ஓடும் என்று யாராவது வந்து சொன்னால், முன்பணம் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் போன வருஷம் எனக்கு நடந்தது. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. ரிமோட் கம்பெனியின் பெயரும் வேண்டாம், தப்பு அந்தப் பொருள் மேல் இல்லை.

எங்கள் வீட்டு மாடி அறையில் புரொஜெக்டர், ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் பெட்டி), ப்ளூரே பிளேயர், டிடிஎச் பெட்டி, ஃபயர் டிவி ஸ்டிக், அப்புறம் ஒரு ஏசி இருக்கிறது. ஆறு பொருளுக்கு ஆறு ரிமோட், எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். மத்தியானம் நான் வேலைக்குப் போன பிறகு அம்மா பழைய படம் பார்ப்பார். 71 வயது, இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்தவர். வாரத்தில் இரண்டு நாளாவது போன் வரும்: "கண்ணு, படம் தெரியுது, சத்தம் வர மாட்டேங்குது." நான் ஆபீஸில் இருந்துகொண்டே எந்த ரிமோட்டில் எந்த பட்டன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இதை ஒரு வழி பண்ண வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எல்லாப் பொருளையும் ஒன்றே ஓட்டும் லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன், ஆனால் 2021லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் தனியாகப் புரோகிராம் செய்து தரும் ஆட்களைத் தேடினேன்.

வந்தவர் லேப்டாப்பில் ஒரு டெமோ காட்டினார். கறுப்புப் பின்னணி, நடுவில் பொன்னிற வட்டம், அதற்குள் தியேட்டர் திரைச்சீலை. தொட்டால் திரைச்சீலை விலகி உள்ளே பட்டன்கள் வரும். உண்மையிலேயே அழகாக இருந்தது. "அம்மா இதை மட்டும் தொட்டாப் போதும் சார், மத்தது எல்லாம் தானா நடக்கும்" என்றார். ரிமோட் 46,000, லேஅவுட் டிசைனும் புரோகிராமிங்கும் 28,000, வந்து மாட்டித் தர 6,000, ஆக மொத்தம் 80,000. முன்பணமாக 50,000 கொடுத்தேன். ரிமோட்டுக்கு முறையான ஜிஎஸ்டி பில் கொடுத்தவர், 28,000க்கு மட்டும் ஒரு ஸ்கிரிப்ளிங் பேடில் "டிசைன் சார்ஜ்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அப்போதே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்று வாரம் என்று சொன்னது ஏழு வாரம் ஆனது. வந்து மாட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிக் காட்டிவிட்டு, மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அம்மா கையில் கொடுத்தேன். முதல் பக்கம் அந்தக் கறுப்பும் பொன்னிறமும்தான். தொட்டதும் இரண்டாம் பக்கம் பளீரென்று வெள்ளையாக வந்தது. இருட்டறையில் முகத்துக்கு நேராக டார்ச் அடித்த மாதிரி. அம்மா ரிமோட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தால், அந்த வெள்ளையில் சாம்பல் நிற எழுத்து, ஒவ்வொரு பட்டனும் சுண்டுவிரல் நகம் அளவு. சத்தத்தைக் கூட்டும் பட்டனும் குறைக்கும் பட்டனும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சாதாரண ரிமோட்டில் 5ஆம் எண் பட்டன் மேல் ஒரு சின்னப் புள்ளி தூக்கலாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். விரலே தடவிக் கண்டுபிடித்துக்கொள்ளும், படத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. டச் ஸ்கிரீனில் அது கிடையாது என்பதால்தான் பட்டன் எங்கே, எவ்வளவு பெரிசு என்பதே இதில் முக்கால்வாசி வேலை. நான் காசு கொடுத்தது அதற்குத்தான். அது நடக்கவே இல்லை.

இது வெறும் ஆரம்பம். "படம் பார்" பட்டனைத் தொட்டால் புரொஜெக்டரும் ரிசீவரும் ஆன் ஆக வேண்டும். புரொஜெக்டர் விளக்கு சூடாகிப் படம் வர அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒன்றும் வரவில்லையே என்று அம்மா இன்னொரு முறை தொட்டார், யாராக இருந்தாலும் தொடத்தான் செய்வார்கள். உடனே ரிசீவர் அணைந்துவிட்டது. அப்புறம் புரொஜெக்டரில் படம் வந்தது, சத்தம் இல்லை. மறுபடி தொட்டதும் ரிசீவர் ஆன் ஆனது, புரொஜெக்டர் "அணைக்கட்டுமா?" என்று திரையில் கேட்டது. எந்தப் பிரச்சினைக்காக எண்பதாயிரம் செலவழித்தேனோ அதே பிரச்சினை, அதே மாதிரி போன்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். அகச்சிவப்பு (ஐஆர்) ரிமோட், அதாவது நம் சாதாரண ரிமோட், ஒருவழிப் பாதை. கட்டளையை அனுப்பும், அது போய்ச் சேர்ந்ததா, பொருள் ஆன் ஆகியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நிறைய ரிமோட்டுகளில் பவருக்கு ஒரே ஒரு சமிக்ஞைதான், அணைந்திருந்தால் எழுப்பும், எழுந்திருந்தால் அணைக்கும். ஆனால் பல ரிசீவர்களும் புரொஜெக்டர்களும் ஆன் செய்ய ஒன்று, அணைக்க ஒன்று என்று தனித்தனிக் கட்டளைகளை ஏற்கும், கூடவே வந்த ரிமோட்டில் அதற்குப் பட்டன் இல்லாவிட்டாலும் ஏற்கும். தொழில் தெரிந்தவர் முதலில் தேடுவதே அதைத்தான். இவரோ எங்கள் பழைய ரிமோட்டைப் புது ரிமோட்டுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பதிய வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏசியிலும் இதே கதைதான். ஏசி ரிமோட் மற்றவை மாதிரி கிடையாது. நீங்கள் ஒரு டிகிரி கூட்டினால் "ஒன்று கூட்டு" என்று அனுப்பாது, கூல் மோட், 25 டிகிரி, ஃபேன் வேகம் இவ்வளவு என்று மொத்த நிலையையும் ஒவ்வொரு முறையும் அனுப்பும். அந்தக் கூட்டும் பட்டனை ஒருமுறை பதிந்து வைத்தால் என்ன ஆகும்? பத்து முறை தொட்டாலும் அதே 25தான். ஃபயர் டிவி ஸ்டிக்கை எடுத்துக்கொண்டால், அதில் அகச்சிவப்பை வாங்கும் கண்ணே கிடையாது, அதன் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. ஆனாலும் முதல் பக்கத்திலேயே அதற்குப் பெரிதாக ஒரு பட்டன் வரைந்து வைத்திருந்தார். தொட்டால் ஒன்றும் நடக்காது. கேட்டதற்கு, அதற்குத் தனி கேட்வே (ரிமோட்டுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் இருந்து பேசும் பெட்டி) வாங்க வேண்டும், 14,000 ஆகும் என்றார். வேலை ஆரம்பிக்கும் முன்னால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அவரே குறித்துக்கொண்டு போன பட்டியலில் ஃபயர் ஸ்டிக் இருந்தது, அந்தப் பட்டியலின் படம் என் போனில் இருக்கிறது.

எனக்கு மனசு விட்டுப்போனது நான்காம் பக்கத்தைப் பார்த்தபோது. அங்கே "பேஸ்மென்ட் லைட்ஸ்" என்று ஒரு பட்டன், "ஸ்கிரீன் டவுன்" என்று ஒரு பட்டன். எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் கிடையாது. எங்கள் திரை சுவரில் அடித்த நிலையான திரை, இறங்கவும் ஏறவும் செய்யாது. வேறு யாருக்கோ செய்ததை அப்படியே தூக்கி வந்து, பொருள்களின் பெயரை மட்டும் மாற்றி, உங்களுக்கென்றே வரைந்தது என்று 28,000 வாங்கியிருக்கிறார். அந்த இன்னொரு வீட்டுக்காரருக்கும் எவ்வளவு சொன்னாரோ.

திருத்தித் தரச் சொன்னேன். ஒரு முறை வர 3,000 என்றார். சரி என்று கொடுத்தேன். வந்து வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக மாற்றினார், அவர் போன பிறகு பார்த்தால் ப்ளூரே பக்கத்தில் நிறுத்தும் பட்டனையே காணோம். மறுபடி கூப்பிட்டால் மறுபடி 3,000. அப்போதுதான், லேஅவுட் கோப்பை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அது டீலர் சாஃப்ட்வேர் சார், கஸ்டமருக்குத் தரக் கூடாது" என்று போனை வைத்துவிட்டார்.

இந்தப் பதிவை எழுதியதே இந்த ஒரு இடத்துக்காகத்தான், கொஞ்சம் நின்று படியுங்கள். இந்த வகை ரிமோட்டுகளில் பெரும்பாலும் இரண்டு கோப்பு உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரில் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு. இன்னொன்று, அதிலிருந்து தயாரித்து ரிமோட்டுக்குள் ஏற்றுவது. ஏற்றியதிலிருந்து மூலத்தைத் திருப்பி எடுப்பது பல சிஸ்டங்களில் நடக்காது, இட்லியிலிருந்து மாவை எடுக்க முடியாதில்லையா, அந்த மாதிரி. மூலக் கோப்பு அவர் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், உங்கள் வீட்டில் ஒரு டிடிஎச் பெட்டி மாறினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டீலருக்கு மட்டுமே சாஃப்ட்வேர் தருகிற கம்பெனிகள் இருப்பது உண்மைதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை முன்பணம் வாங்கும் முன்னால் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் நம்மிடம் இல்லாவிட்டாலும் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொரு டீலரிடம் கொடுக்கலாம். வேலை முடிந்த அன்று மூலக் கோப்பு பென் டிரைவில் தரப்படும், பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் தரப்படும் என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இது ஏதோ பெரிய ரகசியத் தொழில் மாதிரி பேசுவார்கள், நம்பாதீர்கள். 1998லேயே பிலிப்ஸ் புரோன்டோ என்ற டச் ரிமோட் வந்தது. வாங்கியவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் தாங்களே பக்கங்களை வரைந்து, கோப்புகளை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்து வாங்கினார்கள். அந்த ரிமோட் போய்விட்டது, ஆனால் நான்கு பூஜ்யத்தில் தொடங்கும் அதன் குறியீட்டு முறையை இன்றைக்கும் ஐஆர் வேலை செய்கிறவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான், அவன் உதவிக்கு வந்தான். முதலில் கம்ப்யூட்டரையே தொடவில்லை. ஒரு அட்டைப் பெட்டியை டேப்லெட் அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் பட்டன் வரைந்து, ஒரு வாரம் அம்மா கையில் கொடுத்து இருட்டில் அழுத்திப் பார்க்கச் சொன்னோம். சத்தத்துக்கு அவர் கட்டைவிரல் தானாக வலது பக்கம் கீழே போகிறது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அங்கேயே வைத்தோம். ஆண்ட்ராய்டு வடிவமைப்புக் குறிப்புகளில் தொடும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறார்கள், அம்மாவுக்கு நாங்கள் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்தோம். பெரிசாக வைத்தால் ஒரு பக்கத்தில் ஐந்து பட்டன்தான் கொள்ளும். அம்மாவுக்கு ஐந்துக்கு மேல் தேவையும் இல்லை.

வீட்டில் சும்மா கிடந்த டேப்லெட்தான். ரிசீவர், புரொஜெக்டர் இரண்டுமே நெட்வொர்க்கில் சேரக்கூடியவை, எங்கள் டெனான் ரிசீவர் சிறு சிறு எழுத்துக் கட்டளைகளை ஏற்று நிலையைத் திருப்பிச் சொல்கிறது. புரொஜெக்டருக்குப் பிஜேலிங்க் என்று பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு கட்டளை முறை இருக்கிறது. அதில் "நீ எந்த நிலையில் இருக்கிறாய்" என்று கேட்டால் அணைந்திருக்கிறேன், ஓடுகிறேன், குளிர்ந்துகொண்டிருக்கிறேன், சூடாகிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் வரும். ஆகவே அம்மா எத்தனை முறை தொட்டாலும் டேப்லெட் முதலில் கேட்கும், சூடாகிக்கொண்டிருந்தால் "கொஞ்சம் பொறுங்க" என்று பெரிய எழுத்தில் காட்டும். ஏசிக்கும் டிடிஎச்சுக்கும் 1,800 ரூபாய்க்கு ஒரு வைஃபை ஐஆர் பிளாஸ்டர் (டேப்லெட் சொல்வதை அகச்சிவப்பாக மாற்றி அனுப்பும் பெட்டி) வாங்கினோம். ஏசிக்கு 24, 26, அணை என்று மூன்றே பட்டன், ஒவ்வொன்றும் முழு நிலையாகப் பதிந்தது. ஃபயர் ஸ்டிக்கை அதன் சொந்த ரிமோட்டிலேயே விட்டுவிட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பில் கேட்டார்கள். 28,000க்கு அந்தக் கிழித்த தாள்தான் இருக்கிறது, அதில் கடைப் பெயர்கூட இல்லை. யுபிஐயில் அனுப்பிய 20,000க்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது, மீதி 8,000ஐ ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடும் வரும், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இந்த மாதம் போடப் போகிறேன். டிசைனுக்குத் தனி ரேட் வாங்குகிறவர் அதற்கும் ஜிஎஸ்டி பில் கொடுக்கட்டும், 18 சதவீதம் கூடினாலும் பரவாயில்லை, தயவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் நண்பர் ஒருவர் சரவணம்பட்டியில் புது வீட்டுக்குக் கொட்டேஷன் வாங்கியிருப்பதாகப் படம் அனுப்பினார். கறுப்புப் பின்னணி, பொன்னிற வட்டம், திரைச்சீலை. அதே ஆள்தான். நான்காம் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று உடனே சொன்னேன். உங்களிடமும் அந்தப் படத்தைக் கொண்டுவந்தால் அதையே கேளுங்கள், அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் வயதானவர் யார் இருக்கிறாரோ அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள், அவர் ஒரு படம் போட்டு முடிக்கும் வரை மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.