மட்டி வாட்டர்ஸ் பாடுகிறார், பின்னால் ஒருத்தர் கத்துகிறார்

போன வாரம் டர்ன்டேபிளுக்குப் புது ஊசி போட்டேன். பழையது தேய்ந்து மழுங்கியிருந்தது. மாற்றியதும் முதலில் போட்டுக் கேட்டது வழக்கம்போல அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் 'ஹார்ட் அகெய்ன்' ஆல்பம்தான். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷமாகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்த அந்தக் கத்தல் இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கத்துகிற மாதிரி இருக்கிறது. பழைய ஊசி இத்தனை நாளாக அதை மழுக்கி எனக்கு உபகாரம் செய்திருக்கிறது.

கத்துகிறவர் ஜானி விண்டர். 1977-ல் வந்த இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவர்தான், கிட்டாரும் அவர்தான். முதல் பாட்டு 'மன்னிஷ் பாய்'. மட்டி வாட்டர்ஸ் 1955-ல் செஸ் என்கிற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியதை அறுபது தாண்டிய வயதில் மறுபடி பாடுகிறார். முதலில் கிழவர் தனியாக ஒரு வார்த்தையை இழுத்து விடுகிறார், உடனே பின்னாலிருந்து "யே...!" என்று ஒரு கூச்சல். அப்புறம் அந்தச் சின்ன கிட்டார் வரி, ஒரு நிறுத்தம், மறுபடி அதே வரி. அந்த நிறுத்தத்துக்காகத்தானே பாட்டே, அங்கே குரல் தன்னந்தனியாக நிற்க வேண்டும். அந்த இடமாகப் பார்த்துத்தான் இவர் ஊளையிடுகிறார், ஐந்து நிமிடத்துக்கு மேல். கச்சேரியில் முன்வரிசை மாமா ஒருத்தர் தொடையைத் தட்டிக்கொண்டு ஆலாபனை முடியுமுன் 'பலே' போடுவாரே, அதேதான். இதில் வேடிக்கை, இசைத்தட்டு உறையிலேயே விண்டரின் பெயருக்கு நேரே கிட்டாரோடு 'இதர அலறல்கள்' என்றும் போட்டிருக்கிறார்கள்! தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். விண்டர் இல்லாவிட்டால் இந்தத் தட்டே இல்லை. 1968-ல் சைக்கடெலிக் ராக் மோகத்தில் செஸ் கம்பெனி மட்டியை வைத்து 'எலெக்ட்ரிக் மட்' என்று ஒரு ஆல்பத்தைச் செய்து வைத்ததே, அதைக் கேட்டவர்களுக்கு விண்டர் செய்த காரியத்தின் அருமை தெரியும். இவர் கனெக்டிகட்டில் வெஸ்ட்போர்ட் ஊரில் இருந்த ஸ்டூடியோவுக்கு எல்லோரையும் கூட்டிப்போய், ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க விட்டு, மூன்றே நாளில் பதிவை முடித்தார். ஜேம்ஸ் காட்டனின் மவுத் ஆர்கன், பைன்டாப் பெர்க்கின்ஸின் பியானோ, வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித்தின் டிரம்ஸ். டிரம்ஸ் அடி விழும்போது அறையின் சுவர் கேட்கிறது, பொய் சொல்லவில்லை. அப்படி எல்லோரும் ஒன்றாக வாசித்ததால்தான் கத்தலும் எல்லா மைக்கிலும் நுழைந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இனி யார் வந்தும் பிரித்தெடுக்க முடியாது.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்', 1948-ல் மட்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. இதில் விண்டர் இரும்பு உடம்புக் கிட்டாரை எடுத்து ஸ்லைடு வாசிக்கிறார், அதாவது விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. அந்தச் சிலநிமிடம் கேட்டால் முன்னால் செய்த அட்டகாசம் முழுவதையும் மன்னித்துவிடலாம் போலிருக்கும். புது ஊசியில் கம்பிமேல் ஸ்லைடு உரசும் கரகரப்புகூடக் கேட்கிறது. நான் மன்னிக்கிறேன், தட்டை மறுபடி முதலிலிருந்து போடுகிறேன், மறுபடி கோபம் வருகிறது.

நண்பன் ஒருத்தன் கேட்டதால்தான் இதெல்லாம்: மட்டி விண்டரோடு செய்த நாலு ஆல்பத்தில் எதை வாங்குவது என்று. 1979 லைவ் ஆல்பம் நன்றாக இருக்கிறது, அங்கே கூட்டம் கத்துவது எனக்கு உறுத்தவே இல்லை, ஏனென்று கேட்காதீர்கள். 1981-ன் 'கிங் பீ' கடைசி. ரெண்டு வருஷத்தில் மட்டி போய்விட்டார், அந்த நினைப்போடுதான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1978-ன் 'ஐயாம் ரெடி'யில் பழைய கூட்டாளி ஜிம்மி ரோஜர்ஸும் பிக் வால்டர் ஹார்ட்டனும் வந்து சேர்கிறார்கள், வயதானவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நிதானம் அதில் இருக்கிறது. அதை வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ஹார்ட் அகெய்னை ரெண்டு நாள் கொடு, கேட்டுட்டுத் தரேன்" என்றான். முடியாது என்றேன்.